தவக்காலம் தாண்டிய பேட்டரி

போன வருஷம் அனிஷாவின் கல்யாணத்தில் ஜோஸ்பினின் மானம் கப்பலேறியது. திண்டுக்கல் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களைப் படமெடுத்துப் பிழைப்பவள் அவள். அவளுடைய புது டிஜிட்டல் கேமரா, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து அணைந்துபோனது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாதல்லவா? அதற்கு முன்பே முழுசாகச் சார்ஜ் ஏற்றிப் பீரோவில் வைத்த பென்சில் பேட்டரிகளை, ஈஸ்டர் முடிந்ததும் அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். சும்மா கிடந்தாலும் சார்ஜ் இறங்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

இந்த ஈஸ்டர் கழித்து அனிஷாவின் தங்கைக்குக் கல்யாணம். அவர்கள் அம்மா சகாயராணி மறுபடியும் ஜோஸ்பினைத்தான் கூப்பிட்டார். "இந்தத் தாலியையும் விட்டுறாத தாயி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

பேட்டரி கேட்டுப் போனவளிடம் கடைக்காரர் முகமது பாரூக் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். "இதுமேல போட்ட சார்ஜ் நம்பர் பெருசு, நெறைய போட்டோ எடுக்கும். அது நம்பர் கம்மி, ஆனா மாசக்கணக்கா வச்சாலும் எறங்காதுங்கிறான் கம்பெனிக்காரன். மெய்யா பொய்யான்னு எனக்குத் தெரியலக்கா."

இரண்டையும் வாங்கியவள், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தின நாள் சார்ஜ் ஏற்றிப் பீரோவில் பூட்டினாள்.

"பேட்டரிக்கும் தவக்காலமா?" என்று கிண்டலடித்தான் புருஷன் ராயப்பராஜ்.

"சிரிங்க, சிரிங்க. ஒருசந்தி வெரதம் இருந்து எது தெம்பா எந்திரிக்குதுன்னு பாப்போம்."

ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை பீரோவைத் திறந்தாள். பெரிய நம்பர் இரண்டு பிளாஷிலேயே படுத்துவிட்டது. சின்ன நம்பரோ கோழி, கொடியில் கிடந்த லுங்கி, ராயப்பராஜின் அசட்டுச் சிரிப்பு என்று எடுத்துத் தள்ளியும் அசரவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம் என்றிருந்தாள். முந்தின நாள் போன கரண்ட் வரவேயில்லை. சின்ன நம்பரின் மிச்சச் சார்ஜோடு கோயிலில் போய் நின்றாள். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். பிளாஷ் மின்னியது. முடிச்சு விழும்வரை மின்னிக்கொண்டே இருந்தது.

திரையில் படத்தைப் பார்த்த சகாயராணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற அனிஷாவும் பார்த்தாள், தன் தாலியை விரலால் தடவிக்கொண்டாள். ஜோஸ்பின் மறுபடி கேமராவைத் தூக்கினாள்.

"ஏய் அனிஷா, ஒன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு பீடத்துக்கு முன்னாடி வா. தாலியத் தொட்டுக்கிட்டு நிக்கச் சொல்லு."

"அம்புட்டுக்குச் சார்ஜ் இருக்கா தாயி?" என்றார் சகாயராணி.

ஜோஸ்பின் பதில் சொல்வதற்குள் அனிஷா கூட்டத்தை விலக்கிக்கொண்டு புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.