விழுங்கிய சாவி

ஒரு சாண் நீளப் பித்தளைச் சாவியை ஒரு மடக்குத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கி, ஒரே பகலில் நாலாயிரம் உயிர்களைக் காப்பாற்றியவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். சந்தேகம் இருந்தால் என் வயிற்றைத் தட்டிப் பாருங்கள்; இன்றைக்கும் கணீரென்று சத்தம் வரும்.

"அது வாயுடா," என்பான் அலமாரி.

அலமாரி என்பது ஆள். எதிரே தெரியும் பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம் கோப்பு அறையைக் காத்தவன். நான் அங்கே பதிவுக் கவுண்டரில் சீட்டு எழுதியவன். ஓய்வு பெற்றபின் தினமும் காலையில் இந்தப் பூங்காவில் ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். நான் கதையை ஆரம்பிப்பேன், அவன் பொய் என்பான். அவன் அப்படிச் சொன்னால்தான் மறுநாளும் அதைச் சொல்ல எனக்குத் தெம்பு வரும்.

அது காய்ச்சல் பரவிய வருடம். அப்போது ஆஸ்பத்திரியில் ஒரு விதி இருந்தது. முன்பே வந்து போன நோயாளி என்றால், அவருடைய பழைய கோப்பு மேசைக்கு வந்த பிறகுதான் டாக்டர் கை வைப்பார். மற்ற நாட்களில் பத்து நிமிடத்தில் வந்துவிடும் கோப்பு, அந்த வாரம் இரண்டு மணி நேரமாகியும் வரவில்லை. வரிசை வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கடலில் இறங்கி மறுகரை ஏறியது. பெரிய டாக்டர் மாடியில் கூட்டம் போட்டு, இன்னும் எத்தனை கவுண்டர் திறக்கலாம் என்று மூன்று நாளாகப் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் நான்கு பேர் நான் எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் பிடித்தபடியே வரிசையில் சரிந்து இறந்து போனார்கள். அந்த எண்ணிக்கையை மட்டும் நான் கூட்டிச் சொல்வதில்லை.

நாலாம் நாள் காலையில் கோப்பு அறையைப் பூட்டி, சாவியை விழுங்கினேன். பெரிய டாக்டரே இறங்கி வந்து கையை நீட்டினார். நான் வாயைத் திறந்து காட்டினேன்.

கோப்பு வராது என்றானதும் எல்லாம் தலைகீழானது. நோயாளிகளை வரிசையிலிருந்து கூட்டி வந்து கூடத்து நாற்காலிகளில் உட்கார வைத்தோம். அவர்கள் நடக்க வேண்டாம், டாக்டர்கள் நடக்கட்டும். நாற்காலியின் முதுகில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டால் காத்திருக்கலாம், இரண்டு என்றால் சீக்கிரம், மூன்று என்றால் இப்போதே. டாக்டர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு நடந்தார்கள். மாலைக்குள் தெரு காலி. அன்றைக்கு வரிசையில் ஒருவரும் சாகவில்லை.

கதையை எப்போதும் இங்கேயே நிறுத்திவிடுவேன்.

போன வாரம் ஒரு பெண், மார்போடு அணைத்த பழுப்பு நிறக் கோப்போடு எங்கள் பெஞ்சுக்கு வந்தாள். கோப்பு அறையைக் காலி செய்கிறார்கள். கேட்டு வரும் உறவினர்களுக்குப் பழையவற்றைக் கொடுக்கிறார்கள்.

"பதிவுல இருந்த சார் நீங்கதானாமே? வாட்ச்மேன் சொன்னாரு."

எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள். முதல் பக்கத்தில் ஒரு ஊசியின் பெயர். அதன் கீழே சிவப்பு மையில், 'போடக்கூடாது'.

"காய்ச்சல் வருசம், கோப்பு ரூமைப் பூட்டின அன்னிக்கு எங்கம்மாவுக்கு இதைத்தான் போட்டாங்க. காய்ச்சல்ல அம்மாவுக்கு வாய் திறந்து சொல்லப் பேச்சு வரல. எனக்குப் பதினோரு வயசு. இது ஆகாதுன்னு எனக்கே தெரியும் சார். யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். 'தண்ணி கொண்டா பாப்பா'ன்னு அனுப்பிட்டாங்க. திரும்பி வந்தப்ப அம்மா இல்ல."

எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? ஐந்தாம் நாள் காலையிலிருந்து நான் எழுதிய ஒவ்வொரு சீட்டிலும் அதுதான் முதல் கேள்வி. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. வாழ்நாளெல்லாம் வாயை வைத்தே பிழைத்தவன் நான்.

"அந்த ரூமைப் பூட்டினது யாரு?"

நெஞ்சை நிமிர்த்தினேன். "நான்தாம்மா. சாவியப் புடுங்கி முழுங்கிட்டேன். இவன் கால்ல விழாத குறையா தடுத்தான், கேக்கலையே நான்."

அலமாரி தடுத்தான் என்பது அதுவரை கதையில் இல்லாத பகுதி.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நெசமாங்க ஐயா?"

பொய் என்று சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவன் எதிரே பார்த்தான். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேர் துருப்பிடித்த அலமாரி ஒன்றைப் படுக்க வைத்துத் தூக்கிப் போனார்கள்.

"நடந்துச்சும்மா," என்றான். "அன்னிக்கு நிறைய பேரு பொழச்சாங்க. அது நெசம். ஆனா இவன் பூட்டல. பூட்டலாமான்னு கேட்டான், நான் பூட்டினேன். டாக்டர் சொல்லி எழுதின இந்தச் சிவப்பு மையும் என் கையெழுத்துதான். எழுதி வச்சவனே பூட்டிட்டேன்."

"யோவ், சும்மா இரு," என்றேன். 

அவன் சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து, அவள் மடியில் திறந்திருந்த கோப்பின்மேல் வைத்தான். அவள் அதைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை. தேய்ந்து தேய்ந்து பளபளத்த சாவி. சின்னதுதான், என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.