கண்ணாடிக்கு நேரே ஒரு நாற்காலி

ஆணோ பெண்ணோ, குடிமக்கள் எல்லோரும் இரண்டு வருடம் கட்டாயம் ராணுவத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, வயது வரம்பை நான் மூன்று மாத வித்தியாசத்தில் தாண்டியிருந்தேன். அன்றிலிருந்துதான் எனக்கு நாட்டுப்பற்று பொங்க ஆரம்பித்தது. சலூனில் பேசினேன். பேருந்தில் பேசினேன். பத்திரிகைக்கு இரண்டு கடிதம் எழுதி, ஒன்று அச்சிலும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் சோறு ஆறிப்போகும்வரை பேசுவேன். இல்லாதவன் பிள்ளை எல்லையில் நிற்க, இருப்பவன் பிள்ளை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவதா என்பது என் கட்சி. இன்றைக்கும் அது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. பேசியவன்தான் சரியில்லை.

என் வேலை, படையில் சேர அழைக்கப்பட்டவர்களின் காதைச் சோதிப்பது. ஒலி புகாத சின்ன அறைக்குள் அவர்கள் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார்கள். வெளியே கருவியோடு நான். நடுவில் ஒரு கண்ணாடி. நான் பொத்தானை அழுத்தினால் உள்ளே ‘பீப்’ கேட்கும். கேட்டால் அவர்கள் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும், இங்கே விளக்கு எரியும். நாற்காலி கண்ணாடிக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. நான்தான் அதை எனக்கு நேரே திருப்பிப் போட்டவன். கேட்டும் கேட்காததுபோல் நடிப்பவன் முகத்தைப் பார்த்தாலே பிடித்துவிடலாம். ஒலி வந்ததும் கண் ஒருமுறை சிமிட்டும். நாலு வருடத்தில் முப்பத்தோரு பேரைப் பிடித்திருக்கிறேன். மேலதிகாரி கையெழுத்தோடு பாராட்டுத்தாள்கூட உண்டு.

அக்காவின் ஒரே மகளுக்கு அழைப்பு வந்தபோது எல்லையில் சண்டை தொடங்கி ஒரு மாதம். போன அணியில் எங்கள் தெருவிலிருந்து போன இரண்டு பேர் பெட்டியில் திரும்பியிருந்தார்கள். சோதனைக்கு முதல்நாள் அக்கா பழப்பையோடு வந்தாள்.

“காது கேக்கலன்னு எழுதிடுடா. உன் பேனா, உன் கை. யாருக்குத் தெரியப்போகுது?”

ஊர்ப் பிள்ளைக்கு ஒரு நியாயம், நம் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நியாயமா என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்கவிடவில்லை. கொண்டுவந்த பழத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சொந்தக்காரர்களை நாமே சோதிக்கக்கூடாது. சக ஊழியர் ஒருவர் பக்கத்து அறையில்தான் இருந்தார், அவரிடம் தள்ளியிருக்கலாம். எனக்கு ஆசை விடவில்லை. என் கையால் என் அக்கா மகளைத் ‘தகுதி’ என்று எழுதி, அதை ஊரெல்லாம் சொல்ல வேண்டும்.

வீட்டில் அவளுக்கு மகாராணி என்று பெயர். மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்புவாள். அப்படி ஒரு திமிர் என்று நாங்கள் நினைத்திருந்தோம். சோதனைக்கு வந்தவள் உள்ளே உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். வலது காது, எல்லாம் சரி. இடது காது, அதுவும் சரி. நான் அழுத்த அழுத்த விளக்கு எரிந்தது. பெருமையில் வழுக்கிய மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளக் கையைத் தூக்கினேன்.

விளக்கு எரிந்தது.

நான் எதையும் அழுத்தவில்லை. ஒலியை நிறுத்திவிட்டு விரலை மட்டும் அசைத்தேன். எரிந்தது. மறுபடி அசைத்தேன். மறுபடி எரிந்தது. பிறகு மேசை மேல் இருந்த ஃபைலைக் கைக்கு மறைப்பாக நிறுத்திவைத்து, இடது காதுக்குள் ஒலியை ஏற்றினேன். நாற்பது. ஐம்பது. எழுபது. எழுபது என்பது பக்கத்தில் நின்று ஒருவர் சத்தம் போடுவது மாதிரி. மகாராணி அதே சிரிப்போடு உட்கார்ந்திருந்தாள்.

நாலு வருடமாக எல்லோரும் ஒரே திசையில்தான் பொய் சொல்வார்கள் என்று நம்பியிருந்தேன். இந்தப் பக்கமிருந்தும் ஒருத்தி வருவாள் என்று தோன்றவே இல்லை. இவளுக்கு முன்னால் எத்தனை பேர் என் விரலைப் பார்த்தே தேறிப் போனார்களோ.

வெளியே வரிசை முணுமுணுத்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அவள் ஹெட்போனைக் கழற்றினாள். என் முகத்திலேயே படித்துவிட்டாள் போல.

“அம்மாவுக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க மாமா.”

“பின்னாடி இடதுபக்கமா ஒருத்தன் வந்தா என்னடி பண்ணுவ?”

“திரும்பித் திரும்பிப் பாத்துக்குவேன். இத்தனை நாள் ரோடு தாண்டல?”

“ரோட்ல யாரும் உன்னைச் சுடல.”

அவள் மெதுவாகச் சொன்னாள். “எல்லாரும் போகணும்னு வாரம் வாரம் சொன்னது நீங்கதான். நான் உங்க இடதுபக்கம் உக்காந்து, என் நல்ல காதால கேட்டேன். ஒரு வார்த்தை விடல. நம்ம வீட்லேர்ந்து யாரும் போகலன்னா நீங்க பேசினதெல்லாம் என்ன மாமா?”

நான் வெளியே வந்து அவள் தாளை எடுத்தேன்.

கேட்கவில்லை என்று எழுதினால் மாமன் தப்பிக்கவைத்தான் என்பார்கள், எழுதாவிட்டால் பெட்டி. ஒரு பேனா இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. ‘இடது காது, தகுதியின்மை’ என்று எழுதி, கீழே ‘என் அக்கா மகள்’ என்றும் எழுதி டாக்டரிடம் நீட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பத்திரிகைக்கெல்லாம் எழுதுவீங்களே, அந்த ஆளா நீங்க?” என்றார்.

காது கேட்காத நடிப்பை நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். பாராட்டுத்தாளைத் திருப்பி வாங்குவதோடு நிற்காது, விசாரணை வரும் என்றார். சக ஊழியரைக் கூப்பிட்டு, தன் கண் முன்னாலேயே மறுபடி சோதிக்கச் சொன்னார். அதே அறை, அதே கண்ணாடி. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவள் தேறிவிடுவாள், நாற்காலி விஷயமும் வெளியே வராது, பொய் எழுதியவன் என்ற பெயர் மட்டும் எனக்கு மிஞ்சும்.

“நாற்காலியைத் திருப்பிப் போட்டுடுங்க,” என்றேன். “அவளுக்கு நம்ம கை தெரியக்கூடாது.”

கண்ணாடிக்குப் பின்னால் மகாராணி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

இந்த முறை அவள் கண்மூடித்தனமாக அழுத்தினாள். இடது காதில் ஒலி வந்தபோது எரியவில்லை, வராதபோது இரண்டு முறை எரிந்தது. கேட்டும் நடிப்பவன் சும்மா இருப்பான். கேட்காதவள்தான் இப்படித் தட்டுத்தடுமாறி ஊகிப்பாள். டாக்டருக்கும் அது தெரியும். அவர் கையெழுத்துப் போட்டார். நாற்காலிக்காக எனக்கு விசாரணை வரும் என்று மட்டும் சொன்னார். அது நியாயம்.

வராந்தாவில் காத்திருந்த அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “கூடப்பொறந்தவன்னா இப்படி இருக்கணும்டா. நேத்து கோபத்துல போயிட்டேன், மனசுல வெச்சுக்காத.”

“நான் ஒண்ணும் பண்ணலக்கா. அவளுக்கு நெஜமாவே கேக்கல.”

“சரி சரி, வெளிய அப்படியே சொல்லு,” என்று கண்ணடித்தாள்.

நான் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கையில் பிடி மட்டும் இறுகியது. எத்தனை நாளாக என்று கேட்டாள். ஊரான் காதையெல்லாம் சோதிப்பவன், வாரம் தவறாமல் அவள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன், தெரியாது என்றேன்.

“ஏழாவது படிக்கிறப்போ காய்ச்சல் வந்துச்சில்ல,” என்று பின்னாலிருந்து மகாராணியே சொன்னாள். “அப்பலேர்ந்து.”

அக்கா திரும்பினாள். மகளைச் சுற்றிக்கொண்டு வலதுபக்கம் போய் நின்று, “வா, வீட்டுக்குப் போலாம்,” என்றாள்.