பின்வாசலில் வெள்ளைத் தூள்

நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நிலத்துக்கடியிலிருந்த எரிவாயுவை உறிஞ்சி உறிஞ்சி எங்கெங்கோ அடுப்பு எரித்தார்கள். வயிறு எரிந்தது இங்கே இருப்பவர்களுக்கு. உறிஞ்சியதால் பூமி நடுங்கும்போதெல்லாம் சுவர்களில் ஒரு விரிசல் கூடும்.

ஹில்யே வீட்டு மாடிப்படிச் சுவரில் விழுந்தது பெரிய விரிசல். நாளைக்கு ஆய்வாளர் வருகிறார். ஆபத்து என்று அவர் சொல்லிவிட்டால் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டித் தருவார்கள்; அதுவரை வேறு இடத்தில் நிம்மதியாகத் தூங்கலாம். இப்போது அவள் மகள் ஃபென்னா பயத்தில் மேசைக்கடியில்தான் படுக்கிறாள்.

வேலை முடிந்து வந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விரிசலைக் காணோம்! யாரோ பூசி மெழுகியிருந்தார்கள். தொட்டால் ஈரம்.

பக்கத்து வீட்டு வுப்போவிடம் ஓடினாள். ஒரே கூரை, நடுவில் ஒரே சுவர், அந்த மாடிப்படிச் சுவர்தான்; இரண்டு வீடு. கிழவர் காபி ஊற்றி, ஒரேயொரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு டப்பாவை மூடினார்.

"கேஸ் கம்பெனிக்காரனுங்க வேலைதான். போன வாரம் அளக்க வந்தப்பவே சொன்னேனே, அவனுங்க முழியே சரியில்லேன்னு."

இந்த ஊரில் அதை நம்பாதவர் யார்? கொதிப்போடு வீடு திரும்பியவள் சமையலறையில் நின்றாள். படிக்கட்டிலிருந்து வெள்ளைத் தூள் சிந்திக்கொண்டே போய்ப் பின்வாசலில் முடிந்திருந்தது. கம்பெனி ஆட்கள் முன்வாசலில்தான் மணியடிப்பார்கள். தாழ் போடாத பின்வாசல் அக்கம்பக்கத்தாருக்கு மட்டும்தான்.

சேச்சே, அவரா? ஃபென்னாவைத் தோளில் தூக்கி வளர்த்த மனிதர். ஆனாலும் மனசு கேட்கவில்லை, திரும்பப் போனாள்.

"வுப்போ, கையை மேசை மேல வைங்க."

கை மேலே வரவில்லை.

"உன் வீட்டை இடிச்சா என் வீடு நிக்குமாம்மா? இந்த வயசுல என்னை தகரப் பெட்டி மாதிரி ஒரு தற்காலிக வீட்டுல கொண்டுபோய்ப் போடுவானுங்க. புது வீடு முடியறதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்."

"என் பொண்ணு மேசைக்கடியில தூங்குறா. தெரியும்ல உங்களுக்கு?"

"இப்பல்லாம் அவ்வளவா ஆடலையே..."

"நாளைக்கு ஆடினா?"

ஹில்யே வீட்டுக்கு வந்து, திருப்புளியை எடுத்துப் பூச்சைச் சுரண்டினாள். உள்ளே குத்தியதும் பிடிவரைக்கும் இறங்கியது. வெளியே இழுத்தால், ஓட்டையில் மஞ்சள் வெளிச்சம். வுப்போ வீட்டு விளக்கு. அவர் பக்கத்து விரிசலை மறைக்க ஒட்டியிருந்த சுவர்த்தாள் கிழிந்திருந்தது.

வெளிச்சத்தை ஒரு நிழல் மறைத்தது.

"ஹில்யே..." அவர் குரல் சுவருக்குள்ளிருந்து வந்தது. "உன் வீட்டுக் காத்து என் மூஞ்சியில அடிக்குது. இவ்வளவு தூரம் போயிருக்கும்னு நான் நெனைக்கலம்மா. நாளைக்கு அந்தாளை என் வீட்டுக்கும் கூட்டிட்டு வா."

"சரி," என்றாள்.

படுக்கப் போகுமுன் பின்வாசலுக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் தொடாத தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளினாள். அது விழுந்த சத்தம் விரிசல் வழியாக வுப்போவுக்கும் கேட்டிருக்கும்.