சிலிண்டரின் அடியில் ஒரு சொல்

கப்பல் வேலைக்குப் போகிற ஆண்கள் தங்கள் பேச்சைச் சிலிண்டரில் அடைத்து வீட்டில் வைத்துவிட்டுப் போவதுதான் தூத்துக்குடியில் அந்தத் தெருவின் வழக்கம். கப்பலில் வாய் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. இரண்டு வருஷப் பேச்சை அமுக்கி அமுக்கி ஒரே சிலிண்டருக்குள் ஏற்றிவிடலாம். ஏற்றும்போது இரும்பு கொதிக்கும். வீட்டில் திறக்கும்போது நேர்மாறாக, பேச்சு சில்லென்று வரும். குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருக வேண்டும். அவசரப்பட்ட வீடுகளில் வார்த்தை உறைந்து தரையில் விழுந்து உடைந்திருக்கிறது.

ரோஸ்லினுக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் ஊதாரி. புருஷன் தஸ்நேவிஸ் கப்பலேறிய புதிதில், பீரோச் சாவி எங்கே, குழம்புக்கு எந்த மீன் என்று தொட்டதற்கெல்லாம் குமிழைத் திருகினாள். சும்மா குரல் கேட்கவும் திருகினாள், அதை ஏன் மறைக்க வேண்டும்? மனுஷனோ எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் “கேஸை மூடுனியா?” என்று ஒரு கேள்வி சேர்த்துக்கொள்வார். வாசல்படி இறங்கும்போதெல்லாம் கேட்டு ஊறிப்போன பழக்கம். இதற்கு வேறு செலவா என்று அவள் பதில் சொல்லாமல் பட்டென்று மூடிவிடுவாள்.

இப்போது கப்பல் வர இன்னும் ஆறு மாசம் இருக்கிறது. மகள் ஜெனோவாவைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பெண்ணின் அப்பா தன் குரலில் சம்மதம் சொன்னால்தான் தட்டு மாற்றுவார்கள். ஜெனோவாவுக்கு அந்தப் பையன் மேல் உயிர். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை அவளுக்கு.

ரோஸ்லின் ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்துப் பார்த்தாள். காலியான மேல்பாகமெல்லாம் உடனே காய்ந்துவிட்டது. பேச்சு மிச்சமிருந்த அடியில் மட்டும் ஒரு விரற்கடை ஈரம் நின்றது. மிஞ்சிப்போனால் ஒரு சொல். அதுவும் கசிகிறதா என்று சிலிண்டர் வாயில் சோப்பு நுரையைத் தடவினாள். ஒரு குமிழி உப்பி உடைந்து, “ம்” என்றது.

“மாதாவே! அது ‘சம்மதம்’ங்கிறதோட கடைசி ‘ம்’மா இருந்தா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். வாஷரை மாற்றினாள்.

ஞாயிறு வந்தது. சிலிண்டரைக் கூடத்தில் படுக்கவைத்து, வெந்நீர்த் துணி சுற்றி, பட்டுத்துண்டு போர்த்தியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கிளாடிஸ் அதன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, எங்க பையனுக்குப் பொண்ணைத் தர உங்களுக்குச் சம்மதந்தானே?”

ரோஸ்லின் குமிழின் பக்கம் குனிந்தாள். மெல்லத் திறந்தால் வெறும் காற்றாய்ப் போய்விடும். வேகமாய்த் திறந்தால் உறைந்துவிடும். குமிழைத் தொட்டதும் துணியின் ஈரத்தில் கை வழுக்கி, முழுசாகத் திறந்துகொண்டது.

வெள்ளையாக ஒரு கட்டி வெற்றிலைத் தட்டில் வந்து விழுந்தது. நல்லவேளை, உடையவில்லை. புகைந்துகொண்டு கிடந்தது. உள்ளே என்ன சொல் என்று யாருக்கும் தெரியவில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். ஜெனோவா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டி கரைந்து முடிந்தபோது தஸ்நேவிஸின் குரல் தெளிவாகக் கேட்டது.

“கேஸை மூடுனியா?”

அவ்வளவுதான். பாழாய்ப்போன கேள்வி, மகள் வாழ்க்கையையே தின்றுவிட்டதே என்று ரோஸ்லினுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அழுதாள். அழுதுகொண்டே குமிழை இறுக்கித் திருகினாள். இத்தனை நாளில் முதல் தடவையாகப் பதில் சொன்னாள்.

“மூடியாச்சுங்க.”

காலிச் சிலிண்டர் செருமிக்கொண்டது.

“அப்போ சரி.”

கிளாடிஸ் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

“அண்ணாச்சி சரின்னுட்டாவ. தட்டை எடுங்க மைனி.”