வேலி வழியே போன சத்தம்

"மில்லுக்காரன்ட கரண்ட் கம்பி என்ட வளவுக்குள்ள கிடக்குதெண்டு நான் கிணறில்லாம இரிக்கணுமா?" என்று சரீபா கேட்டது தெரு தாண்டி மூன்றாம் ஒழுங்கை வரைக்கும் கேட்டது. கரண்ட் கந்தோரிலிருந்து அந்தக் கம்பியைத் தேட வந்த மீராசா கேட்காததுபோல் குனிந்து நடந்தான். காதில் கருவி மாட்டியிருப்பதில் அப்படியொரு வசதி.

"உங்களத்தான் தம்பி. பெருநாளைக்குப் பொறகு என்ட மகள் றாஹிலாட கலியாணம். கிணறில்லாத ஊட்டுக்கு மாப்புளய எப்பிடிக் கூப்பிடுற?"

பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்முனையில் கலியாணம் ஏது? வீடு எழும்பிவிட்டது, கிணறுதான் பாக்கி. பக்கத்து நெல் மில்லுக்கு மண்ணுக்கடியில் கரண்ட் கம்பி புதைத்தபோது இந்த வளவு வீடில்லாத வெறும் மணல். புதைத்தவர் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார், வரைபடத்தைக் கறையான் தின்றுவிட்டது. கந்தோரில் இருந்தது கம்பி தேடும் ஒரு கருவி, அதைப் பிடிக்க மூன்று நாள் கொழும்பில் படித்த மீராசா. ஊர் அவனை இஞ்சினியர் என்றது. அவனும் மறுக்கவில்லை.

ஒரு பெட்டியை மில்லுச் சுவரில், கம்பி மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் பூட்டினான். அது கம்பி வழியே சத்தம் அனுப்பும். கையிலுள்ள பெட்டி அந்தக் கம்பிக்கு மேலே வந்தால் காதுக்குள் முனகும். முனகல் முள்ளுக்கம்பி வேலியோரமாகவே போனது. வளவின் நடுவில் பேச்சுமூச்சில்லை.

"வேலியோட போகுது ராத்தா. நடுவுல வெட்டலாம்."

கிணறு வெட்டும் அச்சிமுகம்மது கூர்நுனி இரும்பு அலவாங்கோடு இறங்கினார். பின்னேர அசர் தொழுகைக்குள் இடுப்பளவு ஆழம். மீராசா பிளேன்டி குடித்துக்கொண்டே இன்னொரு தடவை வேலியோரம் நடந்தான். முனகல் வாசல் கடப்படியில் வேலியைப் போலவே திரும்பியது. போன வருசம் சரீபா நட்ட முருங்கையை வேலியைப் போலவே சுற்றியது. எப்போதோ கம்பி புதைத்தவர்கள் போன வருசத்து முருங்கைக்கு வழி விட்டார்களா?

கோப்பையை மணலில் வைத்துவிட்டு மில்லுச் சுவரிலிருந்த பெட்டியைப் பார்த்தான். பெட்டியின் இன்னொரு வயரை ஈரமண்ணில் முளையடித்துக் கட்டவேண்டும். காய்ந்த மணலில் தோண்டப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் வேலியின் இரும்புத் தூணில் சுற்றியிருந்தான். முனகியது கம்பியல்ல, வேலி.

"காக்கா, அலவாங்க வெச்சிட்டு ஏறுங்க," என்று குழிக்குள் நின்ற மூத்தவரைப் பார்த்துக் கத்தினான்.

"ஏன், இஞ்சினியர் தொரைக்குப் பசிக்குதா?"

"ஏறாதீங்க காக்கா," என்றாள் சரீபா. "அவருக்கு நேரத்துக்கொரு கதை."

அலவாங்கு உயர்ந்தது.

"நான்தான் பிழையாப் பூட்டினன்," என்றான் மீராசா. வேலிக்கு வெளியே நின்ற பெண்களுக்கும் கேட்டது. அலவாங்கு உயர்ந்தபடியே நின்றது.

வயரைக் கழற்றித் தூரத்தில் முளையடித்து, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினான். அவசரத்தில் ஒரு வாளி இடுப்புச் சாரத்தில் போனது. இப்போது வேலி ஊமை. முனகல் மில்லுச் சுவரிலிருந்து நேரே வளவைக் குறுக்கறுத்துக் குழிக்குள் இறங்கியது. அச்சிமுகம்மதை மேலே ஏற்றிவிட்டு மீராசா தானே இறங்கினான். விரலால் மணலை வழித்தான். நாலு விரல் ஆழத்தில், கம்பியை மூடிப் பரப்பிய செங்கல். ஒரு கல்லின் மூலை புதிதாக உடைந்து சிவந்திருந்தது. அச்சிமுகம்மது மேலிருந்து அதைப் பார்த்தார். பிறகு அலவாங்கின் நுனியைப் பார்த்தார். சரீபா முன்வாசலைக் காலால் அளக்கத் தொடங்கினாள்.

கிணறு முன்வாசலுக்குப் போனது. றாஹிலாவின் அட்டாளைச்சேனை மாப்பிள்ளை ஒழுங்கையே பார்க்கக் குளித்ததில், அவர் சோப்பு மாற்றுவதும் ஊருக்குத் தெரிந்தது. மீராசா வேலை மாற்றம் கேட்டுப் பொத்துவிலுக்குப் போய், அங்கேயே ஒரு வாத்தியாரின் மகளைக் கட்டினான். அச்சிமுகம்மது அதற்குப் பிறகு மண்ணில் அலவாங்கு வைக்கவில்லை, கட்டட வேலைக்கு ஜித்தாவுக்குப் போய்விட்டார். அங்கிருந்து ஒரு போட்டோ வந்தது. கட்டி முடியாத கட்டடத்தின் எட்டாம் மாடி, வெளியே நீட்டிய ஒற்றைப் பலகை, அதில் வெறுங்காலோடு அவர். கீழே எதுவும் இல்லை. முகத்தில் நல்ல சிரிப்பு.