மேட்டில் நின்ற வண்டி

மச்சினன் தோளில் ஒரு தண்ணீர்க் கேனும் கையில் ஒன்றுமாகக் கட்டடத்துக்குள் போய் மறைந்தான். டிரைவர் இருக்கையை விட்டு அசையவில்லை. வலது கால் பிரேக்கை மிதித்தபடி இருந்தது. சாலை அந்த இடத்தில் நல்ல மேடு. வண்டியின் முகம் மேலே பார்த்து நின்றது. பின்னால் பாதிச் சுமை இன்னும் இறங்கவில்லை. பார்ப்பவர்களுக்கு, இவன் மகாராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு இன்னொருவனை வேலை வாங்குவதாகத்தான் தோன்றும். வரவேற்பறைப் பெண் ஒருமுறை கேட்டேவிட்டாள், "ஏங்க, அவரு ஒத்தையா தூக்குறாரே, உங்களுக்கு இறங்கவே வராதா?" என்று.

வராது. அந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் செத்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. இழுத்தால் பிடிமானமே இல்லாமல் கையோடு மேலே வந்துவிடும். தினமும் காலையில் வண்டி எடுக்கும்போது டிரைவர் தண்ணீர்க் கம்பெனி சூப்பர்வைசரிடம் சொல்வான். சூப்பர்வைசர் மெக்கானிக் இருக்கும் பக்கம் கையைக் காட்டுவார். மெக்கானிக் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, "கேபிள் வந்தா போட மாட்டேனா? எனக்கென்ன வேண்டுதலா?" என்பான். போகப் போக அது காலை வணக்கம் சொல்வதுபோல் ஆகிவிட்டது. இவன் "கேபிள்?" என்பான், அவன் "வரல" என்பான், வண்டி கிளம்பிவிடும்.

அதனால் இரண்டு பேரும் தங்களுக்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். மேட்டில் நிறுத்தினால் டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்து முன்சக்கரத்தை நடைபாதை விளிம்போடு முட்ட வைப்பான். மச்சினன் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுவான். அதற்கு மேலும் டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டான். ஒருதடவை முழுச் சுமையோடு நிற்கும்போது கட்டை நழுவியதைப் பார்த்தவன் அவன். சமதளம் என்றால் இவனும் இறங்கிச் சுமப்பான். மேடு என்றால் மச்சினன் தலையில்தான் அத்தனையும். மச்சினன் டிரைவரின் மனைவிக்குத் தம்பி. முகம் சுளிக்காமல் சுமப்பான். "நீ உக்காரு மாமா, உன் காலு தேயட்டும், என் தோளு தேயட்டும்," என்பான்.

கட்டடத்துக்கு அடியில் சுமை இறக்குவதற்கென்றே ஓர் இடம் இருந்தது. நல்ல சமதளம், தரையில் மஞ்சள் கோடு போட்டு, 'சரக்கு வாகனங்கள் மட்டும்' என்று எழுதியும் இருந்தது. அதில் மேல்மாடி அதிகாரிகளின் கார்கள் நின்றன. கேட்டால் காவலாளி, "எனக்கும் தெரியும் அண்ணே. எடுங்கன்னு சொன்னா நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேன்," என்பான். கம்பெனியில் சொன்னால், வண்டியை எங்கே நிறுத்துவது என்பது டிரைவர் பொறுப்பு என்பார்கள். ஆகவே வண்டி, நிறுத்தக் கூடாது என்று பலகை நட்ட மேட்டில் நின்றது.

போக்குவரத்துக் காவலர் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே விட்டு நிறுத்தினார்.

"எடு, எடு. போர்டு கண்ணுல படலையா?"

"பாதி இறக்கியாச்சு சார். இன்னும் கொஞ்சந்தான்."

"எடுன்னா எடுக்கணும். கதை சொல்லாத."

எடுத்துவிடுவதுதான் நல்லது என்று டிரைவருக்குப் பட்டது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து மிச்சத்தை இறக்கிக்கொள்ளலாம். கட்டடத்திலிருந்து வெறுங்கையோடு வந்த மச்சினனைப் பார்த்து, "மாப்ள, கட்டைய எடு," என்றான். எஞ்சினை முடுக்கி ஸ்டியரிங்கை நேராக்கினான். மச்சினன் வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து கட்டையை உருவினான். இப்போது அத்தனை சுமையையும் அந்த மேட்டில் பிடித்துக்கொண்டிருந்தது டிரைவரின் ஒற்றைக் கால்.

காவலருக்கு அப்போதுதான் வேறு யோசனை வந்தது. "நில்லு. லைசென்ஸ எடுத்துக்கிட்டு இறங்கு."

"சார், இறங்க முடியாது சார். ஹேண்ட் பிரேக் இல்ல. கால எடுத்தா வண்டி உருண்டுடும். இந்தாங்க, இங்கயே தர்றேன்." டிரைவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினான்.

அந்த நீட்டல்தான் வினையாகிப் போனது. காவலர் முகம் சிவந்தது. "உக்காந்துக்கிட்டு நீட்டுவ, நான் கை ஏந்தி வாங்கணுமா? நீ எனக்கு மொதலாளியா?"

"ஐயோ, அப்படியில்ல சார். மேலே போய்ச் சமமா நிறுத்திட்டு நானே இறங்கி வர்றேன். கால் பிரேக்ல இருக்கு சார். பாருங்க சார்."

அவர் பார்க்கவில்லை. கதவைத் திறந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, தள்ளிப் போ! பின்னாடி நிக்காத!" என்று கத்தினான். கத்தி முடிப்பதற்குள் அவன் சாலையில் கிடந்தான். லைசென்ஸ் அவன் கையிலேயே இருந்தது.

வண்டி அதிக தூரம் போகவில்லை. பின்னால் இருந்த விளக்குக் கம்பம் வரைக்கும்தான். கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவில் மச்சினன் இருந்தான்.

*

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது, ரத்தக்குழாயும் அடிபட்டிருக்கிறது. இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம். தள்ளிப்போட்டால் எடுத்துவிடத்தான் வேண்டியிருக்கும். அது தனியார் ஆஸ்பத்திரி, செலவுக்குக் கம்பெனி பொறுப்பேற்றுக்கொள்ளாமல் உள்ளே சேர்க்க மாட்டார்கள்.

மச்சினனுக்கு வலி மருந்து போட்டிருந்தார்கள். உதடு காய்ந்து கிடந்தது. அக்காள் பஞ்சை நனைத்து ஈரமாக்கிக்கொண்டிருந்தாள். டிரைவரைக் கண்டதும் அவன், "மாமா, இனிமே நீ இறங்கித்தான் ஆகணும். நான் தூக்க மாட்டேன்," என்றான். சிரிக்கப் பார்த்து, முடியாமல் கண்ணை மூடிக்கொண்டான். டிரைவரின் சட்டையில் இன்னும் அந்தக் காவலர் பிடித்த கசங்கல் இருந்தது. அவர் கழுத்தை அதே மாதிரி பிடிக்க வேண்டும் என்று கை துடித்தது.

கம்பெனியிலிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்தார். மினுங்கும் ஷூ, சின்ன வயதுதான். டிரைவரை மாடிப்படி மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். குரலில் ஏகப்பட்ட பரிவு.

"உன் மேல எனக்குக் கோபமே இல்லப்பா. விபத்துதானே. ஹேண்ட் பிரேக் போட மறந்துட்ட. யாருக்கும் நடக்கும்."

"மறக்கல சார். ஹேண்ட் பிரேக்கே இல்ல. தினமும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். இறங்க முடியாதுன்னு போலீஸ்காரர்கிட்டயும் சொன்னேன். அவருதான் சட்டையப் பிடிச்சு இழுத்தாரு."

"அவரு அப்படிச் சொல்லலையே. நீயா இறங்கி ஓடப் பாத்தேன்னு சொல்றாரு."

"நான் ஏன் சார் ஓடறேன்? வண்டிக்குப் பின்னாடி எம் மச்சினன் நிக்கறான்."

அதிகாரி தோளில் கை வைத்தார். "நிதானமா கேளு. ஹேண்ட் பிரேக் வேலை செய்யாதுன்னு தெரிஞ்சே வண்டிய எடுத்தேன்னு வெச்சுக்க, இன்ஷூரன்ஸ்காரன் கைய விரிச்சுடுவான். உன் மச்சினன் அப்படியே கிடப்பான். மறந்துட்டேன்னு சொன்னா அது சாதாரண விபத்து. இப்பவே நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேசறேன். உனக்கு அந்தப் பையனோட காலு முக்கியமா, நீ சொல்றதுதான் நியாயம்கறது முக்கியமா?"

டிரைவருக்கு யோசிக்க அதில் என்ன இருக்கிறது? "சொல்றேன் சார்," என்றான்.

அதிகாரி கைபேசியை உயர்த்திப் பிடித்துப் படமெடுத்தார். முதல்தடவை டிரைவரின் குரல் உடைந்துபோனது. இரண்டாம் தடவை கீழே இருந்து யாரோ கூப்பிட்ட சத்தம் குறுக்கே வந்தது. "இன்னொரு தடவை. 'வண்டி நல்லா இருந்துச்சு'ன்னு சேர்த்துக்க. முகத்தத் தூக்கிப் பேசு," என்றார். டிரைவர் முகத்தைத் தூக்கிச் சொன்னான். வண்டி நன்றாக இருந்தது. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போட மறந்துவிட்டேன். தப்பு என்னுடையது.

"சபாஷ்," என்று சொல்லிவிட்டு அதிகாரி படியிறங்கிப் போனார்.

மனைவியிடம் சொன்னபோது அவள் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "உங்க வாயால சொன்னீங்களா? கேபிள் வரல, கேபிள் வரலன்னு தினமும் சோத்துத் தட்டு முன்னாடி புலம்பினவரு, வண்டி நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்களா?"

"காலுக்காகச் சொன்னேன்."

"எழுதித் தந்தானா? ஏதாவது கையில குடுத்தானா?"

"இப்பவே பேசறேன்னாரு."

அவள் திட்டவில்லை. "ஆம்புலன்ஸ் வந்தா கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டுத் தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஆம்புலன்ஸ் வரவில்லை. டிரைவர் அதிகாரியின் எண்ணுக்கு அழைத்து அழைத்து ஓய்ந்தான். சூப்பர்வைசர்தான் ஒருவழியாக எடுத்தார். "அவரு மீட்டிங்ல இருக்காருப்பா. தலைமை ஆபீஸ்ல பாத்துக்கிட்டு இருக்காங்க." விடிந்தபின் கூப்பிட்டபோது அவர் குரல் மாறியிருந்தது. "நீ பேசினதைப் பாத்துட்டாங்க. நிறுத்தக் கூடாத இடம், டிரைவரே தன் தப்புன்னு ஒத்துக்கிட்டான், இதுல கம்பெனி எங்க வருதுன்னு கேக்கறாங்க. நான் என்ன பண்ணட்டும் சொல்லு?"

"சார், அதிகாரி சொல்லச் சொல்லித்தான் சார் சொன்னேன்!"

"அத எங்கிட்ட சொல்லி என்ன பண்ண?"

டிரைவர் கைபேசியைச் சுவரில் அடிக்க ஓங்கினான். உடைந்தால் அதிகாரி கூப்பிட்டாலும் எடுக்க முடியாதே என்ற நினைப்பு வந்து கையை இறக்கிக்கொண்டான். அந்த நினைப்பு வந்ததற்காகத் தன் மேலேயே அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. அக்கம்பக்கம், சொந்தபந்தம் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் பணம் கேட்டு ஓடினான். அவன் திரும்பி வருவதற்குள் மச்சினனின் பாதம் நிறம் மாறிவிட்டது. அதற்கு மேல் டாக்டர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

*

"யாராவது ஆம்பள வாங்க," என்று நர்ஸ் கதவிடுக்கில் தலையை நீட்டினாள். "எடுத்தத வீட்டுக்காரங்கதான் கொண்டுபோய்ப் புதைக்கணும்."

முதலில் டிரைவருக்குப் புரியவில்லை. புரிந்தபோது இரண்டு கைகளையும் நீட்டினான். பச்சைத் துணியில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டுக் கட்டியிருந்தார்கள். அவன் நினைத்த கனம் இல்லை. மச்சினன் ஒற்றைக் கையில் அலட்சியமாகத் தூக்கிப் போகும் ஒரு கேன் இதைவிடக் கனம். பாதம் இருக்கும் பக்கம் எது என்று அவன் கைக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டான்.

மனைவியும் கூடவே வந்தாள். இருவரும் ஆஸ்பத்திரி முன்வாசலுக்கு வந்து வெயிலில் நின்றார்கள். இதைக் கொண்டு எங்கே போவது, யாரைக் கேட்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அப்போது சட்டைப் பையில் கைபேசி அடித்தது. அவனுக்குக் கை ஒழியவில்லை. மனைவி எடுத்து அவன் காதில் வைத்தாள். சூப்பர்வைசர் சத்தமாகப் பேசுகிறவர், அவளுக்கும் கேட்டது.

"நாளைக்குக் காலையில எல்லா டிரைவருக்கும் பாதுகாப்பு வகுப்பு. வண்டிய எங்க நிறுத்தணும், எப்படி நிறுத்தணும்னு. நீ பேசின படத்தப் போட்டுக் காட்டப் போறாங்க. நீயும் முன்னாடி நின்னு ரெண்டு வார்த்தை சொல்லணும்னு அதிகாரி சொல்றாரு. சொன்னா வேலை விஷயத்தைப் பாக்கலாம்கறாரு. யூனிஃபார்ம் துவைச்சுப் போட்டுக்கிட்டு வா. கேக்குதா?"

மனைவி கைபேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வருவாரு சார்," என்றாள். "எந் தம்பி காலையும் கொண்டு வருவாரு. முன்னாடி ஒரு மேசை போட்டு வைங்க."

அந்தப் பக்கம் இணைப்பு அறுந்தது.

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. ஆஸ்பத்திரிக் காவலாளி விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடிவந்தான். "தள்ளுங்க, தள்ளுங்க. இங்கெல்லாம் நிக்கக் கூடாது. வண்டி வர்ற வழி," என்றான்.

அவள் திரும்பிக் காரின் முகத்துக்கு நேராக நின்றாள். டிரைவர் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றான். ஹாரன் விடாமல் அடித்தது. இருவரும் நகரவில்லை.