தாத்தாவுக்குப் பக்கத்து இலை

"இவளுக்கு எதுக்குடி இலை? வாயில ஒரு பருக்கை போகாத புள்ளைக்கு இலையைப் போட்டு அழகு பாக்கப் போறியா?"

கேட்டுக்கொண்டே ஆனந்தவள்ளி அந்தச் சின்ன நுனியிலையை மருமகளின் கையிலிருந்து பிடுங்கி, கழித்துப்போட்ட கிழிசல் இலைகளோடு வீசினாள். பானுப்ரியா மாமியாரிடம் வாதாடவில்லை. அப்பாவின் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். முந்தைய நாள் அவன்தான் சொன்னான், "அப்பாவுக்கு இலை போடறப்ப பக்கத்துல நம்ம பாப்பாவுக்கும் ஒண்ணு போடலாம். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று. இப்போது சரத்குமாருக்கு மாலையை நேராக்குவதைத் தவிர உலகத்தில் வேறு வேலையே இல்லை.

அவனுடைய அப்பா ராமர் செத்து அன்றோடு ஒரு வருஷம். விடிந்ததும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போய், காவிரியில் முழுகித் திதி கொடுத்தாயிற்று. இனி எடமலைப்பட்டி புதூர் வீட்டில் படையல். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, மெதுவடை, பாயசம், ஒரு கட்டு பீடி என்று போனவருக்குப் பிடித்த எதிலும் குறை வைக்கவில்லை.

குழந்தை ரங்கநாயகிக்கு ஐந்து வயது. விழுங்குவது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடுகிற கோளாறு. இரண்டு முறை நிமோனியா வந்து பிழைத்த பிறகு, டாக்டர்கள் வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். மூன்று மணிக்கொரு தரம் அதில் பெரிய சிரிஞ்சைப் பொருத்தி உயர்த்திப் பிடித்து, மிக்ஸியில் அடித்து வடிகட்டிய பருப்புக் கஞ்சியை ஊற்ற வேண்டும். அது தானாக இறங்க வேண்டும், அழுத்தித் தள்ளக்கூடாது. முன்னும் பின்னும் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஆகிற வேலையில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் இருதயமேரி முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்தபோது பானு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சிரிஞ்சை வாங்கிச் செய்து காட்டியவன் சரத்குமார்தான். அரியமங்கலத்து லேத் பட்டறையில் பழகிய கை, கொஞ்சமும் ஆடவில்லை. "எங்க பாப்பா எல்லாரோடயும் உக்காந்துதான் சாப்பிடுவா சிஸ்டர். தனியா வெச்சு ஊத்த மாட்டோம்" என்றான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பானு இரண்டு வருஷத்தை ஓட்டியிருந்தாள்.

படையலுக்கு முன், பதினொன்றரை மணிக்கு அவன் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"நீ பாப்பாவோட பின்ரூம்ல இரு பானு. சித்ராவுக்குப் பேசற தென்னூர்க்காரங்க வந்துட்டாங்க. கூட்டத்துல இருந்தா பாப்பாவுக்கு ஏதாச்சும் தொத்திக்கும்."

சித்ராதேவி அவன் தங்கை. துக்க வருஷம் முடிந்ததால் கல்யாணப் பேச்சை மறுபடி தொடங்கியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் தூரத்துச் சொந்தம் என்பதால் படையலுக்கே அழைத்துவிட்டார்கள். தொற்று என்றால் பானுவுக்கும் பயம்தான். சரியென்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா பேசுவது தெளிவாகக் கேட்டது.

"தம்பிக்கு எத்தனை பசங்க?"

"இன்னும் இல்லீங்க" என்றான் சரத்குமார்.

குரலும் ஆடவில்லை. அவனுடைய பெரியம்மா அமிர்தம் அங்கேதான் இருந்தாள். இந்தக் குழந்தைக்குத் தொட்டில் கட்டியவள். அவளும் வாயைத் திறக்கவில்லை. "கடவுள் குடுப்பாருங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா ஆறுதல் சொன்னாள். "ஆமாங்க, அதைத்தான் வேண்டிக்கிட்டிருக்கோம்" என்றாள் ஆனந்தவள்ளி.

பானுவின் மடியில் குழந்தை அப்பாவின் குரலைக் கேட்டுச் சிரித்தது. பாவிகளா! ஐந்து வருஷமாக மூச்சுக்காகப் போராடி ஜெயித்த பிள்ளையை ஒரே வார்த்தையில் இல்லையென்று ஆக்கிவிட்டார்களே! மாமியாரின் பேச்சு பானுவை ஒருநாளும் இப்படிச் சுட்டதில்லை. மாமியாரை அவள் நம்பியதில்லை, இவனை நம்பியிருந்தாள்.

படையல் அறையில் கற்பூரம் காட்டி, எல்லோரும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்கள். இனி அந்த அறைக் கதவைச் சாத்திவிட வேண்டும். செத்தவர் வந்து சாப்பிடுவார். கதவு திறக்கும்வரை வீட்டில் யாரும் சோற்றைத் தொடக்கூடாது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். எரித்துச் சாம்பலைக் கரைத்துவிட்ட மனுஷர் எந்த வாயால் சாப்பிடுகிறார் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

ஆனந்தவள்ளி கதவில் கை வைத்தபோது பானு வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் கஞ்சியும் சிரிஞ்சும் வைத்த கூடை. கூடையின் மேல், கழுவித் துடைத்த அந்தச் சின்ன நுனியிலை. குழந்தையின் சட்டைக்குக் கீழே தொங்கிய குழாய் எல்லோர் கண்ணிலும் பட்டது.

"யாரு இந்தப் புள்ள?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"இவரு பொண்ணுங்க. பேரு ரங்கநாயகி" என்று பானு புருஷனைக் காட்டினாள்.

சித்ராதேவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க மாமா சாப்பிடற நேரம்டி!" என்று மாமியார் வழியை மறித்தாள்.

"இவளுக்கும் இதான் நேரம் அத்தை. வாயால சாப்பிட முடியாதவங்களுக்கு இலை போடறது நம்ம வீட்டு வழக்கம்தானே? மாமாவுக்குத் துணையா உக்காரட்டும்."

மறித்த கையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ராமரின் தலைவாழை இலைக்குப் பக்கத்தில் சின்ன இலையை விரித்து, அதன் மேல் கஞ்சிக் கிண்ணத்தை வைத்தாள். குழந்தையை நிமிர்த்தி மடியில் சாய்த்துக்கொண்டு முதலில் தண்ணீர் விட்டாள், பிறகு கஞ்சி. அது தன் போக்கில் மெல்ல இறங்கியது. ரங்கநாயகி இலையைத் தட்டித் தட்டி விளையாடினாள்.

வெளியே பத்து நிமிஷம் கழிந்தது, பதினைந்தும் கழிந்தது. யாரோ இருமினார்கள். குழம்பு ஆறுகிறது என்று யாரோ முனகினார்கள். கதவு தட்டப்பட்டது.

"பானு, கதவைத் திற. எல்லாரும் பசியோட உக்காந்திருக்காங்க."

"சாப்பிட்டுக்கிட்டிருக்காங்கங்க."

"யாரு?" என்று கேட்டுவிட்டான் சரத்குமார்.

"உங்க அப்பாவும், உங்களுக்கு இன்னும் இல்லாத புள்ளையும்."

அதன்பிறகு கதவு தட்டப்படவில்லை. கிண்ணத்தில் பாதிக் கஞ்சி இருந்தது. அது இறங்கிய பின், படுக்கவிடாமல் அரைமணி நேரம் குழந்தையை நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பானு சிரிஞ்சை மறுபடி நிரப்பினாள்.